விளக்கெண்ணெயை ரேஸுக்கு அனுப்பியவர்: யார் இந்த சார்லஸ் வேக்ஃபீல்ட்?

பைக்கை சர்வீஸுக்கு விட்டால் என்ன ஆயில் ஊத்தணும் என்று மெக்கானிக் கேட்பார். யோசிக்காமல் நாம் சொல்லும் பெயர்களில் ஒன்று கேஸ்ட்ரால். அந்தப் பெயருக்குள்ளே பாட்டி வீட்டு விளக்கெண்ணெய் ஒளிந்திருக்கிறது. கேஸ்டர் ஆயில் என்பதைச் சுருக்கினால் கேஸ்ட்ரால், அவ்வளவுதான். அந்த எண்ணெயை ரேஸ் மைதானத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வேக்ஃபீல்ட்.

40 வயதை நெருங்கும்போது சொந்தத் தொழில்

1859 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். வேக்குவம் ஆயில் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை. 1899இல் அதை விட்டுவிட்டு, லண்டன் சீப்சைட் பகுதியில் சொந்த நிறுவனம் தொடங்கினார். பழைய சக ஊழியர்கள் சிலரும் கூடவே வந்தார்கள். முதலில் விற்றது ரயில் இன்ஜின்களுக்கும் கனரக இயந்திரங்களுக்குமான மசகு எண்ணெய். அப்போதுதான் காரும் விமானமும் தலைகாட்ட ஆரம்பித்தன.

ஏன் விளக்கெண்ணெய்?

இன்ஜின் ஆயிலுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது எளிதாக ஓடணும். சூடேறிய பிறகு தண்ணியாகிவிடாமல் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளணும். விளக்கெண்ணெயின் மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் நன்றாக ஒட்டும், கடும் சூட்டிலும் படலம் சீக்கிரம் அறுந்துபோகாது. அதனால் வேக்ஃபீல்ட் நிறுவனம் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலைத் தயாரித்து, 1909இல் கேஸ்ட்ரால் என்ற பெயரில் விற்றது. முதல் உலகப் போரில் ரோட்டரி இன்ஜின் விமானங்களுக்கும் விளக்கெண்ணெய்தான் கைகொடுத்தது. ஏன்னா அது பெட்ரோலோடு எளிதில் கலந்து கரைந்துபோகாது.

ஒரு சிக்கலும் உண்டு. சூட்டில் அது மெல்ல மெல்ல பிசினாகி உள்ளே படியும். ரேஸ் முடிந்ததும் வடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. தினமும் ஓடும் வண்டிக்கு அது ஒத்துவராது.

விளம்பரமா, வெறியா?

ஆயிலின் தரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை வைத்து ஜெயித்தவரைப் பார்க்கலாம். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்ட வேக்ஃபீல்ட், கார், விமானம், படகு என வேகத்தின் பின்னால் போனவர்களுக்குப் பணம் கொடுத்தார். 1930இல் ஏமி ஜான்சன் தனியாக ஆஸ்திரேலியா பறக்க விமானம் வாங்கியபோது, அவருடைய அப்பாவோடு செலவைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான்.

ஹென்றி சீக்ரேவ் 1929 மார்ச்சில் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் கோல்டன் ஆரோ காரை மணிக்கு சுமார் 372 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த இலக்கு தண்ணீர். வேக்ஃபீல்ட் செலவில் உருவான மிஸ் இங்கிலாந்து 2 படகில் 1930 ஜூன் 13 அன்று விண்டர்மியர் ஏரியில் இறங்கினார். மணிக்கு சுமார் 159 கி.மீ. வேகத்தில் சாதனையும் படைத்தார். அடுத்த ஓட்டத்தில் படகு கவிழ்ந்தது. சீக்ரேவும் உடன் சென்ற பொறியாளர் ஒருவரும் இறந்துபோனார்கள்.

வேக்ஃபீல்ட் அதோடு நிறுத்தவில்லை. படகு சரிசெய்யப்பட்டது. 1931இல் கேய் டான் அதே படகில் 100 மைல் வேகத்தைத் தாண்டினார். இதை மன உறுதி என்பதா, வியாபாரம் என்பதா? இரண்டுமே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்க முடியாது: பணம் போட்டவர் கரையில் இருந்தார், ஓட்டியவர்தான் உயிரைப் பணயம் வைத்தார்.

கடைசி நாட்கள்

1915-16இல் லண்டன் மேயராக இருந்த வேக்ஃபீல்ட், நற்பணிகளுக்கும் நிறைய கொடுத்தவர். 1934இல் விஸ்கவுண்ட் பட்டம் பெற்றார். 1941 ஜனவரி 5 அன்று ஏமி ஜான்சன் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். பத்து நாள் கழித்து, ஜனவரி 15 அன்று வேக்ஃபீல்டும் காலமானார். அவர் நிறுவனம் 1960இல் தன் பெயரையே கேஸ்ட்ரால் என்று மாற்றிக்கொண்டது.

இன்றைக்கு என்ன?

சீக்ரேவ் ஓட்டிய டேடோனாவில்தான் பிறகு நாஸ்கார் ஸ்டாக் கார் ரேஸ் வளர்ந்தது. இப்போது அந்த இன்ஜின்களில் விளக்கெண்ணெய் இல்லை, சிந்தெடிக் ஆயில்தான். ஆனால் கேள்வி பழசுதான். ஆயில் மெலிசாக இருந்தால் உராய்வு இழப்பு குறைந்து கொஞ்சம் பவர் கூடும். ரொம்ப மெலிசானால் பேரிங் தாங்காது. எவ்வளவு வேகத்துக்காக எவ்வளவு ஆபத்தை ஏற்பது? வேக்ஃபீல்ட் வாழ்க்கை முழுக்க ஓடியதும் இதே கேள்விதான்.