டாக்டர் ஜார்ஜ் ஹண்டிங்டன்

அமெரிக்காவில் லாங் ஐலண்டு என்னும் தீவிலுள்ள ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில் 1850-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஜார்ஜ் ஹண்டிங்டன் பிறந்தார். இவருடைய தந்தையும் பாட்டனாரும் அவ்வூர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள்.

சிறுவன் ஜார்ஜ், தந்தையுடன் வண்டியில் நோயாளிகளைக் காணச் செல்வதுண்டு. எட்டு வயதில் ஒருநாள், மரங்கள் அடர்ந்த சாலையில் தாயும் மகளுமாக இரு பெண்கள் எதிரே வந்தனர். நெடிது உயர்ந்து மெலிந்த அவர்களுடைய உடல் வளைந்து நெளிந்தது. முகம் கோணிக்கொண்டே இருந்தது. சிறுவன் அஞ்சி விழித்தான். தந்தையோ வண்டியை நிறுத்தி அவர்களிடம் பேசிவிட்டே அப்பால் சென்றார். நம்மில் சிலர் அத்தகையோரைக் கண்டால் சிரித்துவிடுகிறோம். ஜார்ஜின் மனத்தை விட்டு அக்காட்சி அகலவே இல்லை.

1871-இல் நியூயார்க் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து மிடில்போர்ட் ஊரில் மருத்துவர்கள் முன்னிலையில் ‘கொரியா’ நோய் பற்றிக் கட்டுரை வாசித்தார். (இது நாட்டின் பெயரன்று, நடனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.) கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் தம் ஊரில் கண்ட பரம்பரை நோயைக் கூறினார். பாட்டனாரும் தந்தையும் எழுதி வைத்த குறிப்புகள் அதற்கு உதவின. நோய் வளர்ந்தபின் வருகிறது, மனத்தையும் கெடுக்கிறது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. ஆனால் ஒரு பிள்ளை தப்பிவிட்டால் அப்பிள்ளையின் சந்ததியே தப்பிவிடும் என்றார். அப்போது அவருக்கு வயது 21! பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் என்ற துறவியின் கட்டுரை 1866-இலேயே வெளிவந்திருந்தும், 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை.

பின்னர் ஹண்டிங்டன் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. கிராமத்து மருத்துவராகவே உழைத்தார், புல்லாங்குழல் வாசித்தார், படம் வரைந்தார். 1916-இல் நிமோனியாவால் காலமானார். நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்நோய்க்குக் காரணமான ஜீன் நான்காவது குரோமோசோமில் இருப்பது 1983-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் உண்டாகிறது. நகலிலுள்ள கட்டளைப்படி கேடான புரதம் உருவாகி மூளை அழிகிறது. ஜீனை அகற்றாமல், அந்நகலை மட்டும் அழிப்பதே ‘ஜீனை ஊமையாக்கும்’ சிகிச்சை. தலைமையாசிரியை அனுப்பும் சர்க்குலர் வகுப்புக்கு வருமுன் வழியிலேயே கிழிக்கப்படுவது போல! (சிஸ்டர் மன்னிப்பாராக.) 2015-இல் முதன்முதலாக நோயாளிகளின் தண்டுவட நீரில் இம்மருந்து செலுத்தப்பட்டது. புரதம் குறைந்தது. ஆயினும் பெரிய பரிசோதனையில் பலன் காணாததால் 2021 மார்ச்சில் மருந்து நிறுத்தப்பட்டது. காத்திருந்த குடும்பங்கள் எவ்வளவு கலங்கியிருக்கும்! வேறு வழிகளில் முயற்சி தொடர்கிறது.

தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. வருமா வராதா என்பதை இரத்தப் பரிசோதனையால் முன்னரே அறியலாம். பலர் வேண்டாமென்று இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாலையில் தாயுடன் நடந்த அந்த மகளுக்கு அப்படித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. தாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பாள்.