இளவரசி விட்டுச்சென்ற காணி

காணிப் பிரச்சினை பற்றி எழுதப் போனால் எந்த வீட்டிலும் முதலில் உறுதியைத்தான் எடுத்து வந்து காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, ஹவாய் இளவரசி பேர்னிஸ் பௌவாஹி பிஷப்பைப் பற்றி அறிந்ததும் நான் முதலில் தேடியது அவருடைய மரண சாதனத்தைத்தான்.

1831இல் பிறந்தவர். ஹவாய்த் தீவுகளை ஒரே இராச்சியமாக்கிய முதலாம் கமேஹமேஹாவின் கொள்ளுப்பேத்தி. பெற்றோரின் விருப்பத்தை மீறி 1850இல் சார்ள்ஸ் பிஷப் என்ற அமெரிக்கரை மணந்தார். 1872இல் மரணப்படுக்கையில் இருந்த மன்னர் அரியணையை ஏற்கும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். வெளியிலிருந்து வந்த நோய்கள் அவருடைய மக்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. பிள்ளைகள் இல்லை. உறவினர்கள் ஒவ்வொருவராக இறக்க, அரச பரம்பரையின் காணிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. மொத்தம் சுமார் 375,000 ஏக்கர்.

1883இல் எழுதிய சாதனத்தில் அதன் பெரும்பகுதியை இரண்டு பாடசாலைகளுக்கு விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. ஐந்து நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். காணியை விற்கக்கூடாது என்பது கட்டளை. பாடசாலைகளின் தேவைக்கோ ஆதனத்தின் நன்மைக்கோ விற்பது அவசியம் என்று அந்த ஐவர் கருதினால் மட்டும் விலக்கு. அடுத்த ஆண்டே, 52 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

1893இல் இராச்சியம் கவிழ்க்கப்பட்டது. இளவரசி நம்பி நியமித்த ஐவரில் ஒருவரான வில்லியம் ஸ்மித்தும் கவிழ்த்தவர்களோடு நின்றார். இதை வாசித்தபோது சாதனத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். முடிக்குரிய காணிகள் பறிபோயின. இளவரசியின் காணி தனியார் ஆதனமாக இருந்ததால் தப்பியது.

பொறுப்பாளர்கள் காணியைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக் காணிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு கட்டின. வீடு அவர்களுடையது, நிலம் பாடசாலையுடையது. ஹவாயின் நிலத்தில் 47 சதவீதம் வெறும் 72 தனியார் உரிமையாளர்களிடம் இருப்பதைக் கண்ட சட்டசபை, குடியிருப்பவர்கள் அந்த நிலத்தை வாங்க 1967இல் சட்டம் இயற்றியது. பொறுப்பாளர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக அரசின் பக்கம் தீர்த்தது. அவர் விற்காதே என்று எழுதிவைத்த வீட்டுக்காணிகள் விலைபோயின. வாங்கியவர்களில் பலர் ஹவாய்ப் பூர்வீக மக்கள் அல்லர். காணிச் சீர்திருத்தம் என்ற சொல்லை ஆதரித்தே எழுதி வந்தவன் நான். இந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்பேன் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

காணி போய்ப் பெருந்தொகைப் பணம் வந்தது. 1990களில் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர்வரை ஊதியம் எடுத்தார்கள். 1997இல் ஹொனலூலுப் பத்திரிகை ஒன்றில் வந்த நீண்ட கட்டுரை அதை அம்பலமாக்கியது. 1999இல் ஐவருமே பதவியை விட்டுப் போக நேர்ந்தது.

பாடசாலைகள் இன்றும் நடக்கின்றன. மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் இப்போதும் அவற்றின் பெயரில் இருக்கிறது.