மந்திரி பதவியை உதறிய ஒழலூர் அழகேசன்

செங்கற்பட்டுச் சீமை நாட்டுக்குத் தந்த தலைவர்களில் ஒருவர் ஓ.வி. அழகேசன். அவர் பெயரில் உள்ள "ஓ" அவருடைய ஊரைக் குறிக்கும். செங்கற்பட்டை அடுத்த ஒழலூர்தான் அந்த ஊர். 1911-ம் ஆண்டு பிறந்தார்.

காங்கிரஸ் கட்சியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். இந்தியாவின் அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையில் அவரும் ஓர் உறுப்பினர். 1952-ம் ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில், செங்கற்பட்டுத் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். நேரு மந்திரிசபையில் ரெயில்வே துணை மந்திரி ஆனார்.

அரியலூர் விபத்து

சென்னையிலிருந்து செங்கற்பட்டு, கருங்குழி, மதுராந்தகம் வழியாகத் தெற்கே போகிறது ஒரு ரெயில் பாதை. 1956 நவம்பர் 22-ந்தேதி இரவு அந்தப் பாதையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. மறுநாள் விடியற்காலை அரியலூர் அருகே மருதையாற்றில் பெருவெள்ளம். பாலத்தருகே ரெயில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். நாடே கலங்கியது.

ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். மக்களின் கோபம் அழகேசன் மீதும் திரும்பியது. எதிர்க்கட்சியினர் அவர் பெயரைச் சொல்லியே கோஷம் போட்டனர். 1957 தேர்தலுக்குப் பிறகு மக்களவையில் அவருக்கு இடம் இல்லை.

எனினும், 1962-ல் அதே செங்கற்பட்டில் வெற்றி பெற்றார். பிறகு பெட்ரோலியம், ரசாயன இலாகாவின் ராஜாங்க மந்திரி ஆனார்.

பதவியா? மக்களா?

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற ஏற்பாட்டை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். சிலர் தீக்குளித்தனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் இழந்தனர்.

அழகேசன் இருந்ததோ மத்திய மந்திரிசபையில். பேசாமல் இருந்தால் பதவி நிலைக்கும். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? பிப்ரவரி 11-ந்தேதி அவரும் சி. சுப்பிரமணியமும் ராஜினாமா செய்தனர். டெல்லி அதிர்ந்தது. அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு தந்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என உறுதி அளித்தார். ராஜினாமாக்கள் வாபஸ் ஆயின. அந்த உறுதிமொழி 1967-ல் சட்டமாகவே வந்தது.

அடிஸ் அபாபாவில்

1967 தேர்தலில் தி.மு.க. அலை வீசியது. செங்கற்பட்டும் காங்கிரசின் கையை விட்டுப் போயிற்று. 1968-ல் அழகேசன் எத்தியோப்பியாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். வெளிநாட்டில் நம் நாட்டின் வாயாகவும் காதாகவும் இருப்பவர்தான் தூதர். அங்கே அப்போது ஹெய்லி செலாசி சக்கரவர்த்தி ஆண்டுவந்தார். ஆப்பிரிக்க நாடுகளின் ஒற்றுமைச் சங்கத்துக்குத் தலைமையிடமும் அந்நாட்டுத் தலைநகர் அடிஸ் அபாபாதான். எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் ஏராளமாகப் பணியாற்றிய காலம் அது.

சக்கரவர்த்தியின் தலைநகரில் இருந்தவர், 1971-ல் மறுபடியும் வாக்காளர் முன் வந்து நின்றார். திருத்தணியில் வென்றார். 1977-ல் அரக்கோணத்தில் வென்றார். 1992-ம் ஆண்டு காலமானார்.

மக்கள் அவரை ஏசியதும் உண்டு, தோற்கடித்ததும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர்களிடமே திரும்பி வந்தார் அழகேசன். நாற்காலி வரும், போகும். அதை விட்டு இறங்கத் தெரிந்தவரையே ஊர் மறுபடி ஏற்றி வைக்கும்!