மூளையைத் தொட்ட மருத்துவர்

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டு மூளை அறுவைத் துறை தோன்றியபோது அதனைத் தோளில் சுமந்தவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. சீர்காழியிலே பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொழில் பழகி வந்தவர். மறு ஆண்டே இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவிய நால்வருள் ஒருவரானார். 1973-இல் பத்மபூஷண் பெற்றார். இவற்றை எந்தக் கலைக்களஞ்சியமும் சொல்லும். நான் சொல்ல வந்தது வேறு.

அறுபதுகளில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் சென்னையில் ஒரு புது அறுவையை மேற்கொண்டனர். மூளையில், பொட்டுக்கு உட்புறமாக, இரு பக்கமும் வாதுமைக் கொட்டை போல ஓர் உறுப்பு உண்டு. அச்சமும் சினமும் அதனோடு தொடர்புடையவை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, எக்ஸ்-கதிர்ப் படத்தால் இடத்தை அளந்து, ஊசி செலுத்தி, அதன் ஒரு பகுதியை அழிப்பார்கள். ஜப்பானில் நரபயாஷி என்பவர் முன்னரே காட்டிய வழி அது.

நோயாளிகளிற் பலர் சிறுவர். மூளைக்காய்ச்சலாலோ வலிப்பாலோ அறிவு தளர்ந்து, தம்மையே கடித்துக்கொள்வோர்; கண்டதை உடைப்போர். மருந்துக்கும் அடங்காத பிள்ளையைக் கட்டிவைப்பதன்றிப் பெற்றோர் வேறென்ன செய்வர்? 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கணக்கில் அறுவைகள் மொத்தம் 603. ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குக் குணம் தெரிந்ததாம்.

குணம் என்பதை எதைக்கொண்டு அளந்தார்கள்? பிறரோடு பழக முடிகிறதா, அடங்கி இருக்கிறானா என்பதைக்கொண்டு. வீட்டுக்கு அமைதி வந்தது, மெய்தான். பிள்ளைக்கும் அது அமைதியா, வெறும் அடக்கமா? இசைவு தந்தவர் பெற்றோர். ஊசி பட்டவன் வாய்பேச இயலாதவன். ராமமூர்த்தியின் இரக்கத்தை நான் ஐயுறவில்லை. அவர் வைத்த அளவுகோல்தான் எனக்கு உறுத்துகிறது.

பிற்காலத்தில் அவர் யோகத்தையும் மன உணர்வையும் ஆராய்வதில் ஈடுபட்டார், 2003-இல் மறைந்தார். பதினான்கு ஆண்டு கழித்து வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய அறுவைக்கு நோயாளியின் இசைவும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. அன்றே அது இருந்திருந்தால் அச்சிறுவருட் பலர் மேசை ஏறியிருக்க மாட்டார்கள். கட்டும் அவிழ்ந்திருக்காது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது மருந்தாலும் மரபணுத் திருத்தத்தாலும் மனிதனை நல்லவனாக்கலாமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். மாலையில் தாதரில் டோம்பிவிலி வண்டி ஏறும் நண்பர்களுக்குப் பக்கத்திலிருப்பவருக்கு ஓர் ஊசி போட்டால் தேவலை என்று தோன்றுவது இயல்பே! பக்கத்திலிருப்பவரும் நம்மைப் பற்றி அப்படியே நினைக்கக்கூடும். கத்திக்கு வாரியம் காவல் நிற்கிறது. மாத்திரைக்கு அந்த ஒப்புதல் வேண்டியதில்லை.