கென்யச் சட்டசபையின் முதல் இந்தியர்
அலீபாய் முல்லா ஜீவன்ஜீ

பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோர் பலர். சென்ற மண்ணில் தம் செல்வத்தோடு தம் மக்களின் உரிமையையும் தேடியோர் சிலரே. அச்சிலருள் ஒருவரான அலீபாய் முல்லா ஜீவன்ஜீ அவர்களின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம்.

அன்னார் 1856ஆம் ஆண்டு கராச்சியில் தாவூதி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஏட்டுக் கல்வி அதிகம் வாய்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சில காலம் வணிகம் செய்துவிட்டு, 1890இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாத் துறைமுகம் வந்து சேர்ந்தார். 1896இல் உகாண்டா இரயில்பாதைப் பணி தொடங்கியபோது, இந்தியாவிலிருந்து தொழிலாளரை வரவழைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிட்டியது. அப்பணிக்காக மொத்தம் சுமார் 32,000 இந்தியர் சென்றனர்; ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மடிந்தனர்.

ஒப்பந்தங்களால் ஜீவன்ஜீ பெருஞ்செல்வரானார். நைரோபியில் கட்டடங்கள் எழுப்பினார். மொம்பாசாவில் ஒரு செய்தித்தாளை நிறுவினார்; 1905இல் கைமாறிய அதுவே ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஸ்டாண்டர்டு எனப் பின்னாளில் புகழ் பெற்றது. 1906இல் நைரோபி மக்களுக்கு ஒரு பூங்காவையும் வழங்கினார்.

ஆயினும், நகருக்குப் பூங்கா கொடுத்தவரின் இனத்தாருக்கு அந்நாட்டின் வளமிக்க மேட்டு நிலங்களில் இடம் இல்லை. அவற்றை வெள்ளையருக்கே ஒதுக்கும் கொள்கையை 1908இல் பிரிட்டிஷ் அரசு உறுதி செய்தது.

இச்சூழலில்தான் 1909இல் அவர் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வெள்ளையர் அல்லாத முதல் உறுப்பினர் அவரே. ஆனால் அது வாக்கால் வந்த பதவியன்று, அரசு அளித்தது. வெள்ளையர் நிறைந்த அவையில் ஒற்றை உறுப்பினரால் எந்தத் தீர்மானத்தையும் மாற்ற இயலாது. இதை உணர்ந்த அவர், 1910இல் இலண்டன் சென்று பத்திரிகை வாயிலாக இந்தியரின் குறைகளை உலகறியச் செய்தார். அவர் பதவிக்காலம் முடிந்தபின் பல்லாண்டுகள் இந்தியர் எவருக்கும் அவ்விருக்கை தரப்படவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1914இல் மொம்பாசாவில் கூடிய கிழக்கு ஆப்பிரிக்க இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். 1923இல் பிரிட்டிஷ் அரசு இந்தியருக்கு ஐந்து இடங்களை மட்டும், தனி வாக்காளர் பட்டியலில் வழங்கியது. மேட்டு நிலத்தடை நீடித்தது.

ஒன்றை நாம் மறைத்தல் தகாது. கிழக்கு ஆப்பிரிக்காவை இந்தியாவின் ஆட்சியோடு இணைக்கலாம் என ஒரு கட்டத்தில் அவர் கருத்துரைத்தார். நிலத்தின் உரிமையாளரான ஆப்பிரிக்கரை அக்கருத்து எண்ணிப் பார்க்கவில்லை. தமக்கு நீதி கேட்போர் பிறருக்குரிய நீதியையும் நினைத்தல் வேண்டும் என்பது இதில் நாம் பெறும் பாடம்.

செல்வம் பெரிதும் கரைந்த நிலையில் 1936இல் அவர் நைரோபியில் மறைந்தார். 1991இல் அவருடைய பூங்காவை அழித்துக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தபோது, பேத்தி ஸரீனா பட்டேல் முன்னின்று போராட, பூங்கா காப்பாற்றப்பட்டது.

பதவி பெறுவது வேறு. அதைப் பிறர்க்காகப் பயன்படுத்துவது வேறு. அப்பதவி போன பின்னும் பணியை விடாதிருப்பதே பெருமை. பொதுப்பொறுப்பு ஏற்போர் ஒவ்வொருவரும் இதனை மனங்கொள்ள வேண்டுகிறோம். வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுத்து நற்பணிகளை ஏற்றருள்வானாக. ஆமீன்.