பாலைக்கு நீர் கொணர்ந்த ஓகானர்

ஒரு நாட்டின் தாகந் தீர்க்க ஓயாதுழைத்து, அவ்வுழைப்பின் பயனைக் காணாமலே மறைந்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாய் வரைவாம். அவர் சார்ல்ஸ் யெல்வர்ட்டன் ஓகானர் என்னும் இஞ்சினீயர் ஆவர்.

இவர் 1843-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள் ஐர்லாந்து தேசத்தில் மீத் என்னும் ஜில்லாவிற் பிறந்தார். இளமையில் இருப்புப்பாதைத் தொழில் பயின்று, 1865-இல் நியூஸிலாந்து சென்று, ஆண்டு மலைப்பாதைகளும் துறைமுகங்களும் அமைப்பதில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1891-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதன் மந்திரி ஜான் பாரெஸ்ட் இவரை அழைத்துத் தலைமை இஞ்சினீயராக நியமித்தார். ஸ்வான் ஆற்று முகத்திற் கிடந்த பாறைத்திட்டைத் தகர்த்து, பெருங் கப்பல்கள் உட்புகுமாறு இவர் அமைத்த பிரிமாண்டில் துறைமுகம் 1897-இல் திறக்கப்பட்டது.

இதற்கிடையில், 1892-இல் கூல்கார்டியிலும், 1893-இல் கால்கூர்லியிலும் பொன் கண்டெடுக்கப்பட்டது. பல்லாயிரவர் அவ்வறண்ட வெளியிற் குழுமினர். பொன்னிருந்தும் நீரில்லை. உப்பு நீரைக் காய்ச்சி வடித்து உயர்ந்த விலைக்கு விற்றனர். விஷஜுரத்தால் மாண்டோர் பலர். ஓகானர் இதற்கொரு வழி வகுத்தார். பெர்த் நகரை யடுத்த முண்டாரிங் என்னுமிடத்தில் ஹெலினா ஆற்றை அணைகட்டித் தேக்கி, நாடோறும் 50 லக்ஷம் காலன் நீரை ஏறக்குறைய 330 மைல் தூரம் குழாய்வழிச் செலுத்துவதே அவர் கருத்து. நீரோ ஆயிரம் அடிக்கு மேல் உயர ஏறவேண்டும். அதற்கென எட்டு நீராவி இறைப்பு நிலையங்களும், 30 அங்குலக் குறுக்களவுள்ள உருக்குக் குழாய்கள் சுமார் 60,000-மும் வேண்டியிருந்தன. 1896-இல் சட்டசபை 25 லக்ஷம் பவுன் கடன் வாங்க இசைந்தது.

நீர் மேட்டில் ஏறாது என்றனர் சிலர். பணம் பாழாயிற்று என்றனர் பலர். 1901-இல் பாரெஸ்ட் கூட்டரசுப் பதவிக்குச் சென்றபின், இவரைத் தாங்குவார் குறைந்தனர். பத்திரிகையொன்று இவர் கைச்சுத்தத்தையே பழித்தெழுதியது. உழைப்பாலும் நிந்தையாலும் உள்ளம் நைந்த அவர், 1902-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள், பிரிமாண்டிலுக்குத் தெற்கேயுள்ள கடற்கரையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59. அவர் விட்டுச்சென்ற கடிதத்திலும் அணையின் நினைவே யிருந்தது: அதன் பக்கச் சுவர்களை உடனே கட்டிவிடுமாறு அதிற் குறித்திருந்தார்.

அவர் பயிற்றுவித்தவர்கள் வேலையை முடித்தனர். 1903-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் நாள் கால்கூர்லியில் நீர் பாய்ந்தது. திறந்து வைத்தவர் பாரெஸ்டே. பின்னர் நடந்த விசாரணையில் ஓகானர்மீது ஊழற்குற்றம் யாதும் மெய்ப்படவில்லை. 1911-இல் பிரிமாண்டிலில் அவருக்குச் சிலை நாட்டினர். பல மாறுதல்களுடன் அவ்வழியே இன்றும் நீர் செல்கின்றது.

மாணவ அன்பர்காள்! நீர் பத்து மாதங்களில் வந்துவிட்டது. நியாயமோ பிந்தி வந்தது. பழித்தோர்க்கு அது ஒருநாட் பேச்சு, பழிக்கப்பட்டார்க்கோ உயிரளவாயிற்று. அரிய காரியத்திற் புகுந்தாரை ஆராயாது பழியாமையும், மனஞ்சோர்ந்தாரைத் தனியே விடாமையும் கற்றோர் கடனாம். நம் குழாயில் நீர் வருந்தோறும் இதனை நினைவோமாக.