கல்யாணமாகி 10 வருஷம் கழிச்சு ஒரு கோடை... ராமானுஜன் - ஜானகி கதை தெரியுமா?

போன வாரம் எலவனாசூர்கோட்டையிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். தை மாசம்தான் கல்யாணம் ஆச்சு. மே மாசம் நாலு நாள் லீவு கிடைச்சிருக்கு, ரெண்டு நாள் சென்னை, ரெண்டு நாள் கடற்கரை, பிளான் போட்டுக் கொடுக்கா என்றான். மகாபலிபுரமா, பாண்டிச்சேரியா, பஸ்ஸா, ரயிலா என்று நான் ஆர்வமா ஆரம்பிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அசல் விஷயம் வந்தது. அம்மாவும் வர்றேங்கிறாங்க, என்ன பண்றது?

சரி, உன் பொண்டாட்டி என்ன சொல்றா என்று கேட்டேன். அவகிட்ட இன்னும் கேட்கலையாம்.

அந்த நிமிஷம் எனக்கு கணித மேதை ராமானுஜன்தான் ஞாபகத்துக்கு வந்தார். சிரிக்காதீங்க. ராமானுஜன்னா உங்களுக்கு 1729, லண்டன், நாமக்கல் தாயார் கனவு, ஒரு இங்கிலீஷ் படம், இதெல்லாம் தெரியும். அவருக்கும் ஜானகிக்கும் கல்யாணம் நடந்து கிட்டத்தட்ட 10 வருஷம் கழிச்சுத்தான் அவங்க சேர்ந்து இருந்த அந்த ஒரு கோடை வந்தது. அது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையில் உங்க ஊர்ப் பக்கமும் வருது.

முதல்ல கல்யாணம். 1909 ஜூலை 14. கரூர் பக்கம் ராஜேந்திரம் என்ற கிராமத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்கு 21 வயசு. கும்பகோணம் காலேஜில் ஸ்காலர்ஷிப்பை இழந்து, விசாகப்பட்டினம் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கேயும் ஃபெயில். கணக்கு மட்டும்தான் வரும், மத்த பாடம் எதுவும் ஏறாது. வேலை கிடையாது. பொண்ணைப் பார்த்து முடிச்சது அம்மா கோமளத்தம்மாள். அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை, அவர் கல்யாணத்துக்கே போகலை. பொண்ணு ஜானகிக்கு அப்போ 10 வயசு. அந்தக் காலத்து வழக்கப்படி தாலி கட்டினதும் அவங்க அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க. இந்தக் கல்யாணத்தை இன்னைக்கு இருக்கிற கண்ணோடு படிச்சா மனசு கொஞ்சம் நெருடத்தான் செய்யும். எனக்கும் நெருடுச்சு.

தாலி கட்டியாச்சு, அடுத்து வேலை தேடணும் இல்லையா? அதுக்குத்தான் உங்க பக்கம் வந்தார்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து வடக்கே போனா திருக்கோவிலூர். இப்போ ரெண்டும் கள்ளக்குறிச்சி மாவட்டம். 1910 வாக்கில் அங்கே டெபுடி கலெக்டரா இருந்தவர் வி.ராமசுவாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் ஆரம்பிச்சவர் அவர்தான். ராமானுஜன் விழுப்புரத்தில் ரயில் மாறி திருக்கோவிலூர் போய் இறங்கினார். அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம், தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. கையில் ரெக்கமண்டேஷன் எதுவும் இல்லை, கணக்கு எழுதின நோட்டுப் புத்தகங்கள் மட்டும்.

அந்த நோட்டைப் புரட்டின ராமசுவாமி ஐயர் வேலை தரலை. இவ்வளவு பெரிய ஆளை ரெவின்யூ டிபார்ட்மென்டில் அடிமட்டக் கிளார்க்கா போட்டா அந்தத் திறமை அங்கேயே மடிஞ்சு போயிடும்னு நினைச்சு, சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பி வெச்சார். உங்க ஊர்ப் பக்கத்தில் கிடைக்காமப் போன அந்த வேலைதான் ராமானுஜனை சென்னைக்கும் கடலோரத்துக்கும் கொண்டுபோய் சேர்த்தது.

கடலோரம்னு நான் சும்மா சொல்லலை. 1912 மார்ச் 1-ம் தேதி அவர் வேலைக்குச் சேர்ந்தது மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில், அதாவது துறைமுகத்தில். மாசம் 30 ரூபாய் சம்பளம். கொஞ்ச நாளில் ஜானகியும் வந்து சேர்ந்தாங்க. முதலில் ஜார்ஜ் டவுன். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தப் பிரபலமான கடிதம் போச்சு. அந்த வருஷமே மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுக்க, போர்ட் டிரஸ்ட் வேலையிலிருந்து விடுதலை. ஜாகை திருவல்லிக்கேணி, அனுமந்தராயன் கோவில் தெருவுக்கு மாறுச்சு. பார்த்தசாரதி கோயில் பக்கத்தில், அங்கிருந்து மெரினா நடக்கிற தூரம்.

சிட்டி, கடற்கரை, கையில் காசு, வேலைக்குப் போக வேண்டியதில்லை. ஹனிமூன் பேக்கேஜ் மாதிரி இருக்கு இல்ல? ஆனா வீட்டில் நடந்தது வேற. ஜானகிக்கு அப்போ 14 வயசு. ராத்திரி அவங்க படுக்க வேண்டியது மாமியார் பக்கத்தில். புருஷனும் பெண்டாட்டியும் தனியா உட்கார்ந்து பேசுற வழக்கமே அந்த வீட்டில் இல்லை. அவர் எந்நேரமும் சிலேட்டும் பலப்பமுமா இருப்பார், எழுதினதை முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார்னு சாதத்தைப் பிசைஞ்சு உருட்டிக் கையில் கொடுப்பாங்க. அந்தச் சின்ன வயசில் ஜானகி அவரோடு வாழ்ந்த வாழ்க்கைன்னா பெரும்பாலும் இந்த மாதிரி நிமிஷங்கள்தான்.

கோமளத்தம்மாளை வில்லியா நினைச்சிடாதீங்க. பையன் ஃபெயிலானப்பவும் கைவிடாதவங்க அவங்க. கடல் தாண்டினா சாதிவிலக்குன்னு ஊரே பயந்த காலத்தில், கடைசியில் போயிட்டு வான்னு அனுமதி கொடுத்ததும் அவங்கதான். ஆனா மருமகளுக்குன்னு ஒரு இடம் விடணும்னு அவங்களுக்குத் தோணலை. அந்தக் காலத்தில் அப்படித் தோணின மாமியார்களும் குறைவு.

1914 மார்ச் 17. எஸ்.எஸ். நெவாசா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்புது. பெரிய பெரிய ஆளுங்க வழியனுப்ப வந்திருக்காங்க. ஜானகி அங்கே இல்லை. அதுக்குச் சில நாள் முன்னாடியே அம்மாவையும் மனைவியையும் எழும்பூரில் ரயிலேற்றி கும்பகோணம் அனுப்பி வெச்சுட்டார் ராமானுஜன். குடுமியை வெட்டி, கோட்டு சூட்டு போட்டு நிற்கிற கோலத்தை அவங்க பார்க்க வேண்டாம்னு நினைச்சாராம். அதனால் கடற்கரையில் நின்று கை காட்டுற அந்த சீன் இவங்க வாழ்க்கையில் இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

அடுத்த அஞ்சு வருஷத்தை வேகமா கடந்துடலாம், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. முதல் உலகப் போர், டிரினிட்டி கல்லூரி, ஹார்டியோடு ஆராய்ச்சி, சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், 1917-ல் உடம்பு விழுந்தது, சானடோரியங்கள், 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. ஆனா வீட்டுப் பக்கம் நடந்ததைப் பலரும் சொல்றதில்லை. ஜானகி எழுதின கடிதங்கள் மாமியார் கையைத் தாண்டிப் போகலை. அங்கே அவருக்கு மனைவி ஏன் எழுதலைன்னு வருத்தம். இங்கே இவங்களுக்கு அவர் ஏன் பதில் போடலைன்னு வருத்தம். கடைசியில் ஜானகி, அண்ணன் வீட்டு விசேஷத்துக்குன்னு கராச்சி போனவங்க, மாமியார் வீட்டுக்குத் திரும்பலை. ப்ளூ டிக் விழுந்தும் ரிப்ளை வரலைன்னு அரை மணி நேரத்தில் நமக்கெல்லாம் பொறுமை போயிடுது. அவங்களுக்கு இது வருஷக்கணக்கில் நடந்துச்சு.

1919 மார்ச் 27, பம்பாய்த் துறைமுகம். மெலிஞ்சு போய் இறங்கின ராமானுஜனை அழைக்க அம்மாவும் தம்பியும் வந்திருந்தாங்க. அவர் முதலில் விசாரிச்சது ஜானகி எங்கேன்னு. அம்மாவுக்கு அது பிடிக்கலை. ராஜேந்திரத்துக்குத் தகவல் போய், ஏப்ரல் முதல் வாரத்தில் ஜானகி சென்னை வந்து சேர்ந்தாங்க. அவருக்கு 31, அவங்களுக்கு 20. வளர்ந்த ரெண்டு பேரா அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது அப்போதான்.

அதுதான் அந்தக் கோடை. மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு பங்களா. சித்திரை வெயில். இந்த முறையும் கடல் பக்கம்தான். ஆனா டாக்டர்கள் அந்த ஈரக்காத்து ஆகாது, வறண்ட இடமா உள்ளே தள்ளிப் போங்கன்னு சொல்லிட்டாங்க. கோயம்புத்தூர் பேச்சு அடிபட்டு, கடைசியில் காவிரிக்கரையில் இருக்கிற கொடுமுடின்னு முடிவாச்சு. அவர் பிறந்த ஈரோட்டுக்குப் பக்கம். அங்கே ரெண்டு மாசம் போல இருந்தாங்க.

எந்த ஊர், எந்த வீடு, யார் யார் கூட, எல்லாத்தையும் டாக்டரும் பெரியவங்களும் பேசி முடிச்சாங்க. ஒரே ஒரு நாள் மட்டும் வேற மாதிரி நடந்தது. ஆவணி அவிட்டம். பூணூல் மாத்த அவர் காவிரிக்குப் போகணும். ஜானகியும் வர ஆசைப்பட்டாங்க. மாமியார் கூடாதுன்னுட்டாங்க. வழக்கமா அம்மா பேச்சுக்கு மறுபேச்சே பேசாத ராமானுஜன் அன்னைக்குப் பேசினார். ஜானகி வரட்டும்னு உறுதியா சொன்னார். அவங்களும் போனாங்க.

ஆத்தங்கரை வரைக்கும் ஒரு சின்னப் பயணம், அவ்வளவுதான். நமக்கு ரீல்ஸ் போடக்கூடத் தேறாது. ஆனா பத்து வருஷத் தாம்பத்தியத்தில் ஜானகியோட ஆசைப்படி நடந்த பயணம்னு சொன்னா இதைத்தான் சொல்லணும். அந்த வீட்டில் அதுக்கப்புறம் காத்து மெல்ல ஜானகி பக்கம் வீச ஆரம்பிச்சது. உன்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா எனக்கு இப்படி உடம்பு கெட்டிருக்காதுன்னு அவர் ஜானகிகிட்ட வருத்தப்பட்டதாகவும் சொல்வாங்க.

செப்டம்பரில் கும்பகோணம். 1920 ஜனவரியில் வைத்தியத்துக்காக மறுபடி சென்னை, இந்த முறை சேத்துப்பட்டு. அந்தப் பேரே அவருக்குப் பிடிக்கலை, சட்டுப்புட்டுன்னு முடிஞ்சுடும்னு கேட்குதாம். வலியிலும் இந்த மாதிரி ஜோக் அடிச்சிருக்கார் மனுஷன். காச நோய்னுதான் அப்போ வைத்தியம் பார்த்தாங்க. கல்லீரலில் வந்த அமீபா தொற்றா இருக்கலாம்னு ரொம்பப் பின்னாடி ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. ஜானகி வெந்நீரில் துணி நனைச்சு ஒத்தடம் கொடுப்பாங்க. அவர் படுத்துக்கிட்டே எழுதிக் கொடுக்கிற தாள்களை ஒண்ணுவிடாம எடுத்துப் பெட்டியில் வைப்பாங்க. மாக் தீட்டா ஃபங்ஷன் என்று இன்னைக்கும் உலகம் ஆராய்ச்சி பண்ற கணக்குகள் அந்தக் கடைசி மாசங்களில் வந்தவை. 1920 ஏப்ரல் 26 காலையில் அவர் போயிட்டார். 32 வயசு. கல்யாணமாகி 11 வருஷம் ஆகப்போகுது. ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினா ரெண்டு வருஷம் சொச்சம்தான் வரும்.

ஜானகிக்கு 21. பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையலும் கொஞ்சம் இங்கிலீஷும் கத்துக்கிட்டாங்க. 1930-களின் தொடக்கத்தில் தனியா சென்னைக்குத் திரும்பினாங்க. எங்கே குடியேறினாங்கன்னு நினைக்கிறீங்க? அதே திருவல்லிக்கேணி, அதே அனுமந்தராயன் கோவில் தெரு. தையல் மெஷின் மிதிச்சு சம்பாதிச்சாங்க, பொண்ணுங்களுக்குத் தைக்கக் கத்துக் கொடுத்தாங்க, ஒரு பையனைத் தத்தெடுத்துப் படிக்க வெச்சாங்க. கணவருக்கு வைக்கிறதா சொன்ன சிலை வரவே இல்லையேன்னு வயசான காலத்தில் அவங்க வருத்தப்பட்டது வெளியே தெரிஞ்சு, உலகம் முழுக்க இருந்த கணித அறிஞர்கள் காசு போட்டு, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியை வெச்சு மார்பளவுச் சிலை செஞ்சு அனுப்பினாங்க. பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்துச் செஞ்ச சிலை அது. 1994 ஏப்ரல் 13-ல் இறக்கும்போது ஜானகிக்கு 95 வயசு.

இதையெல்லாம் நான் போனில் இவ்வளவு நீளமா சொல்லலை. ஆத்தங்கரைக் கதையை மட்டும் சொல்லி வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டான். பொண்டாட்டிகிட்ட கேட்டானாம். அந்தப் பொண்ணு இதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லையாம். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க்காரி. அத்தை தாராளமா வரட்டும், ஆனா ஒரு சாயங்காலம் கடற்கரைக்கு நாம ரெண்டு பேர் மட்டும் போகணும்னு சொல்லியிருக்கா.

அதனால பிளான் இப்படி மாறியிருக்கு. உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி கிளாம்பாக்கம். முதல் நாள் ராயபுரத்தில் இருக்கிற ராமானுஜன் மியூசியம், திறந்திருக்கிற நேரத்தை போனில் கேட்டுட்டுப் போகணும். அடுத்த நாள் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி. அனுமந்தராயன் கோவில் தெருவை ஒரு நடை பார்த்துட்டு, சாயங்காலம் நடை திறந்ததும் சித்தியைப் பார்த்தசாரதி கோயிலில் உட்கார வெச்சுட்டு, இவங்க ரெண்டு பேரும் மெரினாவுக்கு நடக்கணும். மூணாவது நாள் காலையில் மகாபலிபுரம் பஸ். கோயிலில் சித்திக்குத் துணையா நான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன்.